ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் சம்யுவின் போன்

“அந்தப் போன எடுத்து என்ற கையில குடுத்துருங்க மேடம். நான் கொண்டுபோயி அமத்தி வெச்சுக்கறேன்.”

“அமத்தறாளாம்! பெத்தவதானடி நீ? உன்ற வாயில எப்படி அந்த வார்த்த வருது?”

“ஏனுங்க, அது அவ இல்லீங்க. சொன்னாக் கேளுங்க.”

“அவ இல்லைன்னா அப்பறம் ஆரு, உங்கம்மாளா? நேத்துக்கூட கணக்குல டவுட்டு கேட்டிருக்கா. சாரக் கூப்புட்டுக் கேளு வேணும்னா.”

“செத்துப்போனவ எப்படீங்க டவுட்டு கேப்பா?”

“வாய மூடு! நீ ஆஸ்பத்திரியிலயே கெடந்தே. உனக்குத் தெரிஞ்சது அந்த சம்யு. எனக்குத் தெரிஞ்சது இந்த சம்யு. உன்ற சம்யுவ எரிச்சாச்சு. என்ற சம்யுவயாச்சும் உட்ரு.”

நான் ஹெச்.எம். அறை வாசலில் டெஸ்ட் பேப்பர் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ‘சாரக் கூப்புட்டு’ என்று சொன்னாரே, அந்த சார் நான்தான். குணசேகரன், கணக்கு வாத்தியார், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியர். பல்லடம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சென்னியப்பனும் அவர் மனைவி தாரணியும். சென்னியப்பன் விசைத்தறி ஃபிட்டர். அவர்களுடைய ஒரே பெண் சம்யுக்தா என் வகுப்பு. அவள் டிசம்பர் மாதம் இறந்துவிட்டாள். ரத்தப் புற்றுநோய்.

உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் தாரணி வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே சென்னியப்பன். “சார், நீங்களாச்சும் நல்ல வார்த்த சொல்லுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். தறி எண்ணெய் ஏறிக் கறுத்த கை. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஹெச்.எம். ராஜாமணி மேடம் பொங்கல் கழித்துத்தான் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர்.

“உக்காருங்க குணசேகரன். எனக்குத் தல சுத்துது. நான் இருந்த ஸ்கூல்ல இந்தப் பதிலாள் ஏற்பாடே கெடையாது. மொதல்லருந்து, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“ரொம்ப நாள் லீவு எடுக்கற பசங்களுக்காகக் கொண்டுவந்தது மேடம். பையனால வரமுடியலன்னா அவனோட போனை அவன் எடத்துல வெச்சிரலாம். அது பாடத்தக் கேட்டுக்கும்.”

“ரெக்கார்டிங் மாதிரி.”

“அதுக்கும் மேல. அந்தப் பையன் சின்ன வயசுலருந்து அந்தப் போன்ல பேசுனது, கேட்டது எல்லாத்தையும் வெச்சு, இந்த எடத்துல இவன் இருந்தா என்ன கேப்பான்னு அதுவே கேக்கும். அவன் குரல்லயே. சந்தேகம் கேக்கும், பக்கத்துல இருக்கறவங்க பேசுனா பதில் பேசும், சண்ட கூடப் போடும்.”

“அது தப்பா ஏதாச்சும் பேசிருச்சுன்னா?”

“அதுக்குத்தான் சாயங்காலப் பேச்சு. தெனமும் சாயங்காலம் அது வீட்டுல இருக்கற பையன்கிட்டப் பேசும். இன்னிக்கு இதெல்லாம் நடந்துச்சு, நான் இப்படிச் சொன்னேன், சரியாங்கும். நான்னா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், இப்படிச் சொல்லியிருப்பேன்னு பையன் திருத்துவான். அத வெச்சுக்கிட்டு மறுநாள் பேசும். யாருமே பேசலைன்னா கொஞ்ச நாள்ல அதுவும் பேச்ச நிறுத்திரும்.”

“பையனுக்கு வாயத் திறக்க முடியாத அளவுக்கு ஒடம்புக்கு முடியலைன்னா?”

“அம்மாவோ அப்பாவோ அவனுக்குப் பதிலா பேசலாம். பையன் இப்படிச் சொல்றான்னு சொல்லணும்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இந்தப் பொண்ணு பேரை ரெஜிஸ்டர்ல எடுத்தாச்சு. போன் மட்டும் எதுக்கு இன்னும் கிளாஸ்ல இருக்கு?”

“அப்பா விடமாட்டேங்கறாரு. மூடறதுன்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்னு விதி. வகுப்புல இருந்தாத்தான் அதுக்குப் பேச விஷயம் கெடைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனா நாலு நாள்ல ஊமையாயிரும்.”

“அப்ப வகுப்புல இருக்கணுமா வேண்டாமாங்கறது மட்டும் நம்ம கையில.”

“ஆமா மேடம்.”

“நம்ம கையில இல்ல, உங்க கையில. நீங்கதான் வகுப்பாசிரியர். திங்கக்கெழம சொல்லிருங்க. நீங்க சொல்றதுதான்.”

செல்போன் வகுப்புக்குள் வரலாமா கூடாதா என்று நாடே அடித்துக்கொண்ட காலத்தில் நானும் அடித்துக்கொண்டவன்தான். கூடாது என்ற கட்சி. வகுப்பு வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பக்கெட் வைத்து எல்லாப் போனையும் அதில் போடச் சொல்லுவேன். பையன்கள் எனக்குப் பக்கெட் வாத்தியார் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கவனம் சிதறும், கேம் ஆடுவான், கண்டதைப் பார்ப்பான், இதுதான் அப்போது நாங்கள் பேசிய பேச்சு. வேண்டும் என்றவர்களும் படிப்பு, மார்க்கு என்றுதான் பேசினார்கள். இப்படி ஒரு அப்பாவும் அம்மாவும் வந்து நிற்பார்கள் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்புறம் சட்டம் மாறியது, பக்கெட் கழிவறைக்குப் போனது. நானும் பழகிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் பழகியதற்குக் காரணம் சம்யுவின் போன்தான்.

ஆகஸ்டில் அவளைக் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுவாரமே சென்னியப்பன் போனைக் கொண்டுவந்து மூன்றாவது பெஞ்சில், அவள் தோழி ஷிஃபானா பக்கத்தில், ஸ்டாண்டு போட்டு வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது. அன்றைக்கு நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து சம்யு குரல்.

“சார், அது எட்டா, பூசணிக்காயா?”

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிரணேஷ் என்று ஒரு வாயாடி. “ஏய், கண்ணாடி போட்டுட்டு வா” என்றான்.

“எனக்குக் கண்ணே இல்லடா லூசு, கேமராதான். அதுலயே பூசணிக்காயாத் தெரியுது.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளேதான். அதற்குப் பிறகு பெயர் கூப்பிடும்போது பையன்கள் அதையும் சேர்த்துக் கூப்பிடச் சொன்னார்கள். போன் சம்யு என்று பெயர். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதன் முன்னால் ஒரு மிட்டாய் வைத்து, வைத்தவனே எடுத்துத் தின்றுகொள்வான். சாயங்காலம் நான் அதை ஸ்டாஃப் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டுவேன். பீரோவுக்குள் இருந்தபடியே அது ஆஸ்பத்திரியில் தாரணி போனுக்குக் கூப்பிட்டுப் பேசும். அது வகுப்பில் பேசியதையெல்லாம் சென்னியப்பன் தறிக் குடோனில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். பெண்ணைப் போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்டால், “தெனமும் கேக்கறனே சார், நல்லாத்தான இருக்கா” என்பார்.

ஆயுத பூஜை லீவுக்குப் பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. நான் கவனிக்கவில்லை. பையன்கள்தான் கவனித்தார்கள்.

ஒருநாள் ஷிஃபானா அழுத முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். வீட்டில் ஏதோ பிரச்சனை. நான் கேட்பதற்கு முன்னால் போன் கேட்டது. “என்ன சாமி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? சாப்ட்டியா?”

இன்னொருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. “பிரணேஷு, மழ வருதாட்ட இருக்குது. நனையாம போ சாமி. சைக்கிள மெதுவா ஓட்டு.”

“சார்,” என்றான் பிரணேஷ், “சம்யு வரவர கெழவியாயிட்டா சார்.”

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் ‘சாமி’ என்று கூப்பிடுவது பெற்றவர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் கூடப் படிக்கிறவனை அப்படிக் கூப்பிடமாட்டாள். அடிதான் விழும். நோய் வந்தால் குழந்தைகள் சீக்கிரம் பெரியவர்கள் ஆகிவிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பையன்கள் கேலி செய்தார்களே தவிர, இன்டர்வெல்லில் அதைச் சுற்றி முன்னைவிடக் கூட்டம். டிபன் பாக்ஸைத் திறந்து அதனிடம் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். சம்யு இறந்த செய்தி வந்த அன்றைக்கு அந்தப் போனைத் தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஷிஃபானாதான் தன் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போர்த்தினாள். துணிக்குள்ளிருந்து, “ஏன்டி இருட்டாயிருச்சு?” என்றது. அதற்குமேல் எனக்கு வகுப்பு எடுக்க முடியவில்லை.

ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போதும் அது டவுட்டு கேட்கிறது. சாயங்காலம் அது இப்போது கூப்பிடுவது சென்னியப்பன் போனுக்கு; அவர் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று மட்டும் சொல்லி அதை ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்.

ஹெச்.எம். அறையில் சண்டை நடந்த அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் தாரணி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பையன்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவருகிட்ட சொல்லப்படாதுங்க.”

“சொல்லுங்கம்மா.”

“கடைசில பேசுனது பூராவும் நாந்தானுங்க சார்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“சாயங்காலப் பேச்சுங்க. மொதல்ல அவளேதான் பேசிட்டிருந்தா. அப்பறம் வாயெல்லாம் புண்ணாயிருச்சுங்க, மருந்து அப்படி. அவ மெதுவாச் சொல்லுவா, நான் அத போன்ல சொல்லுவேன். அப்பறம் தலய மட்டும் ஆட்டுவா. நான் கேப்பேன், இப்படிச் சொல்லட்டுமா சாமின்னு. ஆட்டுனா சொல்லுவேன். அப்பறம் ஆட்டறதும் நின்னுபோச்சுங்க. தூங்கிட்டே இருந்தா. நானே சொன்னேன்.”

“என்னன்னு சொன்னீங்க?”

“அவ என்ன சொல்லுவாளோ அதத்தானுங்க சொல்லப் பார்த்தேன். ஆனா எனக்கு அந்தப் புள்ளைகளப் பத்தி என்ன தெரியும்? அந்தப் பையன் நனைஞ்சுட்டு வந்தான்னு போன் சொல்லும். எனக்கு வர்றது என்னுங்க, நனையாம போ சாமிங்கறதுதான் வருது. அதையே சொல்லிப்போட்டேன். அதுவும் கத்துக்கிச்சு.”

“எதுக்கும்மா? விட்டிருந்தா அது பாட்டுக்கு நின்னிருக்குமே.”

“நின்னுபோயிருந்தா அவரும் நின்னுபோயிருப்பாருங்க சார். சாயங்காலம் அதக் கேட்டாத்தான் ஒரு வாய் சோறு திங்கறாருன்னு அவரு தம்பி சொல்லுச்சு. அதுனால பேசறத உடல. அப்பத்தான் சூரத்துல புதுத்தறி எறக்கற வேல வந்துச்சுங்க. போலாமான்னு எங்கிட்டக் கேட்டாரு. அன்னிக்கு அது கிளாஸ்ல சிரிக்கச் சிரிக்கப் பேசியிருக்கு. ‘நல்லாத்தான இருக்கா, போயிட்டு வந்தர்றேன்’னாரு. போவேண்டாம்னு நாஞ்சொல்லல சார். சொன்னா ஏன்னு கேப்பாருல்ல.”

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

“அவரு ரயில்ல திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மொகத்தக்கூடப் பாக்கலீங்க. நான் பேசுனதக் கேட்டுத்தான அவரு போனாரு? பெத்த பொண்ணு மொகத்தப் பாக்க உடாம பண்ணுனது நாந்தானுங்க சார். இப்ப அவரு தெனமும் அந்தப் பேச்ச ஸ்பீக்கர்ல போட்டுட்டு உக்காந்துக்கறாரு. அடுப்படில இருந்தா எனக்குக் கேக்குது. என்ற பேச்சு, என்ற பொண்ணு குரல்ல. ஒவ்வொரு நாளும் கேக்குதுங்க. அத நிறுத்தச் சொல்லுங்க. உங்க காலத் தொட்டுக் கும்புடறேன். ஆனா ஏன்னு அவருக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா அவரு என்ற மொகத்துல முழிக்கமாட்டாருங்க.”

குனியப் போனவரைத் தடுத்து நிறுத்தினேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

மறுநாள் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் பேக்கரிக்குச் சென்னியப்பனை வரச் சொன்னேன். தாரணி சொன்னதைச் சொல்லாமல், போனை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று மட்டும் எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். அவர் இரண்டு டீ சொன்னார். என்னைக் கேட்காமலேயே ஒரு தேங்காய் பன்னும் வாங்கி வைத்தார்.

“புள்ளைகளுக்கு நல்லதில்லீங்க சென்னியப்பன். செத்துப்போன பொண்ணு பேச்ச தெனமும் கேட்டுக்கிட்டு இருக்கறது. உங்களுக்கும் நல்லதில்ல. அது சம்யு இல்லீங்க.”

“தெரியும் சார்.”

“அறிவுக்குத் தெரியும், மனசு கேக்காது. எனக்குப் புரியுது...”

“இல்லீங்க சார். தெரியும்ங்கறேன். அது தாரணி.”

நான் டீயைக் கீழே வைத்தேன்.

“அவகூட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவ பேச்சு எனக்குத் தெரியாதுங்களா? ஆயுத பூசை முடிஞ்சு ஒரு நா, ஒரு புள்ளையப் பாத்து என்ன சாமின்னுச்சு. தறிச் சத்தத்துல சரியாக் கேக்கலையோன்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவ பேசறான்னா எம்பொண்ணுக்குப் பேச முடியலைன்னு அர்த்தம். அதுவும் தெரிஞ்சுபோச்சு.”

“சூரத்து?”

வெளியே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, போனது.

“தெரிஞ்சுதான் போனேன்.”

“ஏங்க?”

“பாக்க முடியலீங்க சார். அந்த வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போயிட்டுத் திரும்பி வந்தவன் நானு. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணா... எங்கம்மா இப்படித்தான் போனா. என்னால நிக்க முடியாது. வேல வந்துச்சு. சாக்கு வேணுமில்லீங்களா? கிளாஸ்ல நல்லாப் பேசுதே, நல்லாத்தான இருக்கான்னு சொல்லிப்போட்டுப் போயிட்டேன். போவேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுவாளான்னு பாத்தேன். சொல்லல. அவ நான் நம்பிட்டேன்னு நெனச்சுட்டா.”

“அவங்க எல்லாத்தையும் தன் தலைமேல போட்டுக்கிட்டு...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். வாக்குக் கொடுத்திருந்தேன்.

“அதும் தெரியும் சார். அவ மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா? தெனமும் செத்துக்கிட்டிருக்கா. நான் ஒரு வார்த்த சொன்னா அவளுக்கு அந்தப் பாரம் எறங்கிரும். ஆனா என்னன்னு சொல்றது? பொண்ணு சாகப்போறான்னு தெரிஞ்சே ஓடிப்போனவன்டி நானுன்னா? அப்பறம் அவ எங்கூட இருப்பாளா சார்? நீங்களே சொல்லுங்க, இருப்பாளா?”

நான் பன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“அப்பறம் அந்தப் போன் எதுக்குங்க உங்களுக்கு? அவங்களுக்கு அத்தன வேதனையா இருக்கும்போது?”

அவர் டீ கிளாஸின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஊட்டுல அவ பேசறதில்லீங்க சார். பொண்ணு போனதுலருந்து ஒரு வார்த்த இல்ல. சோத்தப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிருவா. அன்னிக்கு ஹெச்.எம். ரூம்புல சண்ட போட்டோம் பாருங்க, அதுதான் இந்த ஒரு மாசத்துல அவ எங்கிட்டப் பேசுனது. அந்தப் போன்லதான் சார் அவ பேசறா. பழைய தாரணி. எவனோ ஒரு பையனப் பாத்து மெதுவாப் போ சாமிங்கறா. எனக்குச் சொன்னாப்புலயே கேட்டுட்டு உக்காந்திருப்பேன். பொண்ணு குரலு, பொஞ்சாதி பேச்சு. ரெண்டு பேரும் அதுக்குள்ளதான் இருக்காங்க. அதையும் எடுத்துட்டீங்கன்னா எனக்கு ஊட்டுல என்ன இருக்குது?”

டீக்குக் காசு கொடுக்க எழுந்தார். போகிற போக்கில் திரும்பி, “அவகிட்ட சொல்லிராதீங்க சார்” என்றார். நான் சரி என்றேன். அதுவும் ஒரு வாக்கு.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வகுப்பில் காரணிப்படுத்துதல் நடத்தினேன். போன் கை தூக்கியது, அதாவது திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் பார்க்காத மாதிரி போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “சார், சம்யு கை தூக்கறா” என்றாள் ஷிஃபானா. கேட்காத மாதிரி எழுதிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்துவிட்டது. பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

போனை எடுத்தால் சென்னியப்பனுக்குக் கேட்க ஒரு குரல் இல்லாமல் போகும். வைத்தால் தாரணி அடுப்படியில் நின்று தினமும் அதைக் கேட்கவேண்டும். ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் தலையிலிருந்து செய்யாத குற்றம் இறங்கும், ஆனால் அந்த மனிதர் தலையில் செய்த குற்றம் ஏறும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருப்பார்களா, யாருக்குத் தெரியும்? ஒருவேளை அழுது தீர்த்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடவும் உட்காரலாம். இரண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்து என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் கணக்கு வாத்தியார். இதற்கெல்லாம் எனக்குப் பயிற்சி கிடையாது. என் மனைவியிடம் கேட்டேன், வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்கிறாள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஹெச்.எம். கேட்பார். போனைப் பற்றித்தான் அவர் கேட்பார். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி தாரணி.

இதைப் படிக்கிறவர்களில் வாத்தியார்கள் இருப்பீர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கலாம். ஊர், பள்ளி எது என்று தேடாதீர்கள், பெயர்களை மாற்றிவிட்டேன். படித்துவிட்டுச் சும்மா போகவும் வேண்டாம். நான் தாரணியிடம் சொல்லவா, வேண்டாமா? கீழே ஒரு வரியாவது எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நல்லது.